நெருப்பின் முன்னே நமது கண்கள்: காஸ் வெல்டிங், பித்தளை ஒட்டு வேலைக்கு ஏற்ற கண்ணாடியைத் தெரிவு செய்தல்



1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2006 இல் சம்பூரிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியின் ஊர்களிலிருந்தும் வெளிக்கிட்ட குடும்பங்கள் இன்று பல இடங்களில் வாழ்கின்றன. சிலர் சொந்த வளவுக்குத் திரும்பிவிட்டனர். சிலர் இன்னும் உறவினர் காணியிலும் குத்தகை வயலிலும் காலத்தைக் கொண்டு செல்கின்றனர். காணி கையில் இல்லாத நாட்களில் கைத்தொழில்தான் அடுப்பை எரிய வைக்கிறது.

இதனால் கமக்காரரின் பிள்ளைகள் பலர் சைக்கிள் கடைக்கும் கராஜுக்கும் வேலை பழகப் போகிறார்கள். உடைந்த கலப்பைக் கொழு, வெடித்த நீர்ப்பம்பி உறை, சைக்கிள் தண்டு, லாண்ட்மாஸ்ரரின் மட்காட், ஒழுகும் எண்ணெய்க் குழாய் ஆகிய எல்லாவற்றையும் ஒட்ட ஓர் ஆள் ஊருக்குத் தேவை. கமத்தையும் கருவியையும் அறிந்த பிள்ளை இத்தொழிலை விரைவில் பிடித்துக்கொள்வான்.

சிலிண்டர், ரெகுலேற்றர், குழாய், ஊதுகுழல், கம்பி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது கடைசியாக நினைவுக்கு வருவது கண்ணாடி. பல இடங்களில் வாங்காமலே விடப்படுவதும் அதுதான். ஊதுகுழல் பழுதானால் வேறொன்று வாங்கலாம், கண் போனால் வாங்க இடமில்லை. ஆகவே இந்த இதழில் கண்ணாடியைப் பற்றி மாத்திரம் படிப்போம்.

இப்பாடத்தைப் படித்து முடித்தபின் நாம் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டியவை:

(அ) சுவாலையிலிருந்து கண்ணுக்கு என்ன ஆபத்து வருகிறது.
(ஆ) வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி ஏன் போதாது.
(இ) எந்த வேலைக்கு எந்த இலக்கக் கண்ணாடி.
(ஈ) கடையில் கண்ணாடியைச் சோதித்து வாங்குவது எப்படி.
(உ) கண்ணில் அடிபட்டால் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது.

1. இரண்டு வேலைகள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். காஸ் வெல்டிங் என்பதைப் பயிற்சி நிலையங்களில் காய்ச்சி இணைத்தல் என்பார்கள். ஒட்சிசனும் அசற்றலீனும் கலந்து எரியும் சுவாலையால் இரு இரும்புத் துண்டுகளின் விளிம்புகளையும் உருக்கி ஒன்றாக்குவது அது. அந்தச் சுவாலையின் வெப்பம் ஏறத்தாழ 3,100 பாகை செல்சியஸ். இரும்பு 1,538 பாகையிலேயே உருகிவிடும்.

பித்தளை ஒட்டு வேறு. இங்கே இரும்பு உருகுவதில்லை. சிவக்க மாத்திரம் செய்கிறது. பித்தளைக் கம்பி ஏறத்தாழ 900 பாகையில் உருகி இடுக்குக்குள் ஓடிப் பிடித்துக்கொள்கிறது. ஓடுவதற்கு உதவியாக வெண்காரம் போன்ற ஒட்டுத்தூள் போடுகிறோம். சைக்கிள் தண்டுக்கும் வார்ப்பிரும்புப் பம்பி உறைக்கும் பெரும்பாலும் இதுவே ஏற்றது. வெப்பம் குறைவு என்பதால் கண்ணுக்கு ஆபத்தில்லை என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ஆபத்தின் அளவு குறைகிறதே தவிர, ஆபத்து இல்லாமற் போவதில்லை.

2. சுவாலையிலிருந்து கண்ணுக்கு வருபவை

முதலாவது, கூசும் வெளிச்சம். உருகிய இரும்புக் குட்டையை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினால் எங்கு பார்த்தாலும் ஒரு புள்ளி நிற்கும். கண் களைத்து, தலையிடியும் வரும். புள்ளி மறையும்வரை கையிலுள்ள சுவாலையும் பக்கத்திலுள்ள குழாயும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர். பாடசாலைப் புத்தகத்தில் இதைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்திருப்போம். அடுப்பங்கரையில் முகத்தில் சுடுவது இதுதான். இது கண்ணுக்குள் புகுந்து வில்லையைச் சூடாக்குகிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்காக இந்தச் சூட்டை வாங்கினால் வில்லை மங்கிக் கண்புரை வரலாம். கண்ணாடி ஊதும் தொழிலாளருக்கும் உலைத் தொழிலாளருக்கும் இந்நோய் வருவதை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். இருபது வயதில் தொழில் பழகும் பிள்ளை அதன் விளைவை நாற்பது, ஐம்பது வயதில்தான் காண்பான். நோவு இல்லாத ஆபத்தாக இருப்பதால் இதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

மூன்றாவது, பறக்கும் பொறியும் துணிக்கையும். உருகிய இரும்புத் துளி, துருச் செதில், வெடித்துத் தெறிக்கும் ஒட்டுத்தூள், ஒட்டியபின் சுத்தியலால் தட்டும்போது பறக்கும் கசடு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். ஒரு நொடியில் கண்ணைக் கெடுப்பது இதுதான்.

நான்காவது, கழியூதாக் கதிர். மின் வெல்டிங்கில் இது மிக அதிகம். பார்த்துச் சில மணித்தியாலங்களின் பின், பெரும்பாலும் இரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் நோவு எடுப்பது இதனால்தான். காஸ் சுவாலையில் இது குறைவு. ஆயினும் ஒரே கொட்டிலில் ஒருவர் காஸ் வேலையும் மற்றவர் மின் வெல்டிங்கும் செய்தால், காஸ் வேலை செய்பவருக்கும் அது வந்து சேரும்.

நல்ல கண்ணாடி இந்த நான்கையும் தடுக்க வேண்டும். வெளிச்சத்தை மாத்திரம் குறைத்தால் போதாது.

3. வெயில் கண்ணாடி ஏன் போதாது?

கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊதுகுழலைப் பிடிப்போரைப் பல இடங்களில் காணலாம். வெளிச்சம் குறைவதால் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். உண்மையில் மூன்று குறைகள் உண்டு.

ஒன்று, அது வெயிலுக்காகச் செய்யப்பட்டது. வெப்பக்கதிரைத் தடுக்கும் என்று அதில் எந்த உறுதியும் இல்லை. இருட்டில் நமது கண்மணி அகலத் திறக்கும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலும் அப்படியே. அகலத் திறந்த கண்மணிக்குள் வெப்பக்கதிர் மேலும் அதிகமாக நுழைகிறது. இவ்விடத்தில் அந்தக் கண்ணாடி போடாததைவிடக் கெடுதல் செய்யவும் கூடும்.

இரண்டு, பக்கங்கள் திறந்திருக்கின்றன. பொறி நேராக மாத்திரம் வருவதில்லை. கன்னத்தில் பட்டு மேலேறியும் வரும்.

மூன்று, மெல்லிய பிளாஸ்ரிக் வில்லையில் சூடான துளி பட்டால் உருகும், அடி பட்டால் உடையும்.

எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிப் பார்ப்பது, புகை பிடித்த கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொள்வது, இரண்டு வெயில் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது போன்ற உபாயங்களுக்கும் இதே குறைகள் உண்டு.

4. கண்ணாடியின் இலக்கம்

வெல்டிங் கண்ணாடி வில்லையில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். இதுதான் அதன் கருமையின் அளவு. இலக்கம் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். 100 பங்கு வெளிச்சம் வில்லையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வருவது ஏறத்தாழ இவ்வளவு:

2 ஆம் இலக்கம் – 37 பங்கு
3 ஆம் இலக்கம் – 14 பங்கு
4 ஆம் இலக்கம் – 5 பங்கு
5 ஆம் இலக்கம் – 2 பங்கு
6 ஆம் இலக்கம் – 1 பங்கிலும் குறைவு

ஓர் இலக்கம் ஏறும்போது வெளிச்சம் முன்னையதில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. எனவே 4 க்கும் 5 க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கடைக்காரர் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

தரமான வெல்டிங் வில்லையில் வெளிச்சத்தோடு வெப்பக்கதிரும் கழியூதாக் கதிரும் இலக்கத்துக்கேற்பத் தடுக்கப்பட்டிருக்கும். வெயில் கண்ணாடிக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு அதுவே.

5. எந்த வேலைக்கு எந்த இலக்கம்?

பல நாடுகளில் வழக்கிலுள்ள அளவுகளைக் கீழே தருகிறோம். இதை வெட்டி வேலைக் கொட்டிலில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஊதுகுழலால் ஈயப் பற்றாசு வைத்தல் – 2
பித்தளை ஒட்டு, வெள்ளி ஒட்டு – 3 அல்லது 4
காஸ் வெல்டிங், 3 மி.மீ. வரை தடித்த இரும்பு – 4 அல்லது 5
காஸ் வெல்டிங், 3 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை – 5 அல்லது 6
காஸ் வெல்டிங், 12 மி.மீ. க்கு மேல் – 6 முதல் 8 வரை
காஸால் இரும்பு வெட்டுதல், 25 மி.மீ. வரை – 3 அல்லது 4
காஸால் இரும்பு வெட்டுதல், 25 மி.மீ. முதல் 150 மி.மீ. வரை – 4 அல்லது 5

உதாரணம் பார்ப்போம். மட்காட் தகரமும் சைக்கிள் தண்டும் 3 மி.மீ. க்கு உட்பட்டவை. அவற்றை வெல்டிங் செய்ய 4 அல்லது 5 போதும். கலப்பைக் கொழு 6 அல்லது 8 மி.மீ. தடிப்பு என்றால் 5 அல்லது 6 வேண்டும். வெடித்த பம்பி உறையைப் பித்தளையால் ஒட்டினால் 3 அல்லது 4.

கையில் ஒரேயொரு சோடிக்குத்தான் பணம் உண்டு என்றால் எதை வாங்குவது? பித்தளை ஒட்டும் மெல்லிய தகர வேலையும் மாத்திரம் செய்பவர் 4 ஆம் இலக்கத்தை வாங்கலாம். கொழு, கொக்கி, வண்டில் அச்சுப் பட்டை போன்ற தடித்த இரும்பையும் ஒட்டுபவர் 5 ஆம் இலக்கத்தை வாங்க வேண்டும். வில்லையை மாற்றக்கூடிய சட்டகம் கிடைத்தால் ஒரு சட்டகமும் இரண்டு இலக்க வில்லைகளும் வாங்குவதே சிக்கனம்.

சரியான இலக்கமா என்று அறிய ஒரு வழி உண்டு. முதலில் சற்றுக் கருமையான வில்லையால் தொடங்குங்கள். உருகும் இடம் தெரியாவிட்டால் ஓர் இலக்கம் குறையுங்கள். ஆனால் மேலேயுள்ள அளவுக்குக் கீழே இறங்க வேண்டாம். வேலை முடிந்து கண்ணாடியைக் கழற்றும்போது கண்முன் புள்ளி நின்றால் அல்லது கண் கூசி நீர் வடிந்தால் அந்த இலக்கம் போதாது. ஒன்று கூட்ட வேண்டும்.

கருமை கூடக்கூட நல்லது என்பதும் சரியல்ல. மின் வெல்டிங் முகக்கவசத்தில் இருப்பது பெரும்பாலும் 10 அல்லது 11 ஆம் இலக்கம். அதைக் காஸ் வேலைக்குப் பிடித்தால் ஒன்றுமே தெரியாது. தெரியாதபோது மனிதன் செய்வது கவசத்தைத் தூக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்ப்பதுதான். மறுபுறத்தில், காஸ் வேலைக்கான 5 ஆம் இலக்கக் கண்ணாடியுடன் மின் வெல்டிங் செய்வது மிகப் பெரிய ஆபத்து. இவ்விரண்டையும் ஒருபோதும் மாற்றிப் பாவிக்கக் கூடாது.

இப்போது கடைகளில் தானாகக் கறுக்கும் முகக்கவசங்கள் விற்கிறார்கள். அவை மின் வெல்டிங்கின் வெளிச்சத்தைக் கண்டு கறுப்பதற்காகச் செய்யப்பட்டவை. காஸ் சுவாலைக்குக் கறுக்கும் என்று அவற்றை நம்ப வேண்டாம்.

இரண்டு வில்லைகளைச் சேர்த்தால்?

5 ஆம் இலக்க வில்லை கிடைக்காத இடங்களில் இரண்டு 3 ஆம் இலக்க வில்லைகளைச் சேர்த்துப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையான வெல்டிங் வில்லைகளாக இருந்தால் சேர்க்கலாம். ஆனால் கணக்கு வேறு. இரண்டு இலக்கங்களையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். 3 உம் 3 உம் சேர்ந்தால் 6 அல்ல, 5. 3 உம் 4 உம் சேர்ந்தால் 6. வெயில் கண்ணாடிகளுக்கு இந்தக் கணக்குச் செல்லாது.

6. மஞ்சள் வெளிச்சம்

பித்தளை ஒட்டில் வெண்காரம் சூடேறும்போது சுவாலை முழுவதும் மஞ்சளாகப் பிரகாசிக்கும். வெண்காரத்தில் சோடியம் இருப்பதே காரணம். அடுப்பில் உப்பு விழுந்தால் தீ மஞ்சளாவதும் இதே காரணத்தால்தான். இந்த மஞ்சள் திரைக்குப் பின்னால் பித்தளை ஓடியதா இல்லையா என்று தெரியாது. தெரியாததால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகிறோம், அல்லது கண்ணாடியைக் கழற்றுகிறோம். இரண்டும் கேடு.

இதற்கு மஞ்சள் வெளிச்சத்தை விழுங்கும் வகையான வில்லையைத் தெரிவு செய்தல் நல்லது. கடையில் "ஒட்டுத்தூள் போட்டுச் செய்யும் காஸ் வேலைக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி ஊதுவோர் பாவிக்கும் இளஊதா நிறக் கண்ணாடி மஞ்சளை நன்றாகத் தடுக்கும். ஆனால் வெப்பக்கதிரைத் தடுப்பது குறைவு. எனவே அதை மாத்திரம் வைத்து வெல்டிங் செய்யக் கூடாது. மஞ்சளைத் தடுப்பதோடு வில்லையில் 3, 4, 5 என்ற இலக்கமும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் வழக்கமான பச்சை வில்லையே போதும். ஒட்டுத்தூளை அளவோடு போட்டு, சுவாலையை நேரே தூளின்மேல் பிடிக்காமல் இரும்பைச் சுற்றிச் சூடாக்கினால் மஞ்சளும் குறையும், தெறிப்பதும் குறையும்.

7. சட்டகத்தின் வகைகள்

வில்லை எவ்வளவு முக்கியமோ, அதைத் தாங்கும் சட்டகமும் அவ்வளவு முக்கியம். கடைகளில் மூன்று வகை காணலாம்.

முதலாவது, இரண்டு கிண்ணங்கள் போன்ற வகை. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடும். வில்லை வட்டமானது; அதன் குறுக்களவு பொதுவாக 50 மி.மீ. வளையத்தைத் திருகிக் கழற்றி வில்லையை மாற்றலாம். உறுதியானது. மூக்குக்கண்ணாடி போடுபவருக்குப் பொருந்தாது.

இரண்டாவது, இரு கண்களையும் சேர்த்து மூடும் அகன்ற வகை. மூக்குக்கண்ணாடியின் மேலேயே போடலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவதால் இது வசதி.

மூன்றாவது, முன் வில்லையைத் தூக்கிவிடக்கூடிய வகை. கறுத்த வில்லையைத் தூக்கினால் உள்ளே தெளிந்த வில்லை இருக்கும். ஒட்டி முடித்ததும் கசடு தட்டும்போதும் அரம் போடும்போதும் கண் மூடியே இருக்கும். முன்பு சொன்ன மூன்றாவது ஆபத்துக்கு இது மிக நல்ல மருந்து. வாங்க முடிந்தால் இதையே வாங்குமாறு சொல்வோம்.

எந்த வகையானாலும் கறுத்த வில்லையின் முன்னால் ஒரு தெளிந்த மலிவான வில்லை இருக்க வேண்டும். பொறி பட்டுப் பழுதாவது அதுவாக இருக்கட்டும். கறுத்த வில்லை கண்ணாடியால் ஆனதென்றால், அதற்குப் பின்னால் கண் பக்கமாக பொலிகாபனேற்று என்ற உறுதியான பிளாஸ்ரிக் வில்லை இருப்பது நல்லது. முன்னது உடைந்தாலும் துண்டு கண்ணுக்கு வராது.

8. கடையில் சோதிக்க ஏழு கேள்விகள்

(1) வில்லையிலேயே இலக்கம் பொறிக்கப்பட்டுள்ளதா? பெட்டியில் மாத்திரம் அச்சடித்து வில்லையில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

(2) தர அடையாளம் உண்டா? அமெரிக்கத் தரத்தில் "இசட்" எழுத்தும் 87 என்ற எண்ணும் இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் "ஈ" "என்" எழுத்துகளுடன் 166, 169, 175 ஆகிய எண்களில் ஒன்று வரும்.

(3) வில்லையில் கீறல், குமிழி, அலை உண்டா? கடையின் குழல் விளக்கைப் பார்த்துச் சோதியுங்கள். சூரியனைப் பார்த்து ஒருபோதும் சோதிக்க வேண்டாம்.

(4) போட்டபின் பக்கத்தாலும் கீழாலும் வெளிச்சம் தெரிகிறதா? மூக்கின் இருபுறமும் பாருங்கள். வெளிச்சம் புகும் துவாரத்தால் பொறியும் புகும்.

(5) காற்றுத் துவாரங்கள் வளைந்து மறைந்தவையா? நேரான துவாரத்தால் துளி உள்ளே விழும். துவாரமே இல்லாவிட்டால் வியர்வையில் வில்லை மூடிப்போகும்.

(6) பட்டி தலையில் நழுவாமல் நிற்கிறதா? குனிந்து, நிமிர்ந்து, தலையை ஆட்டிப் பாருங்கள். இறுக்கத்தில் நோவு எடுத்தாலும் கழற்றி வைத்துவிடுவோம்.

(7) மாற்று வில்லை அதே கடையில் கிடைக்குமா? கிடைக்காத சட்டகம் ஒரு போகத்துக்கு மேல் உதவாது.

போடப்போகும் ஆளே கடைக்குப் போக வேண்டும். தகப்பனின் முகத்துக்குப் பொருந்துவது மகனின் முகத்துக்குப் பொருந்தாது. இன்று யுவதிகளும் இத்தொழிலைப் பழகுகிறார்கள். அவர்களுக்குச் சிறிய சட்டகம் தேவைப்படலாம்.

9. ஊதுகுழல் பிடிப்பவர் மாத்திரமா?

வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் வேலை நடக்கும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். கணவர் ஊதுகுழலைப் பிடிப்பார். மனைவி குறட்டால் குழாயைத் தாங்கிப் பிடிப்பார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். கண்ணாடி ஒருவருக்கு மாத்திரம். தாங்கிப் பிடிப்பவரின் முகமும் சுவாலைக்கு அதே தூரத்தில்தான் இருக்கிறது. வேலையைக் கவனிக்காமல் இருக்க அவராலும் முடியாது. ஆகவே துணைக்கு நிற்பவருக்கும் அதே இலக்கக் கண்ணாடி வேண்டும். இரண்டாவது சோடி வாங்கும்வரை, துணை தேவைப்படாதவாறு ஒரு இரும்புப் பிடியை வைத்து வேலை செய்வது நல்லது.

பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னால் மாத்திரம் போதாது. பாதைப் பக்கமும் வீட்டுப் பக்கமும் பழைய கூரைத் தகரத்தால் ஒரு மறைப்புக் கட்டுங்கள். ஓலையும் சாக்கும் பொறியில் பற்றும், அவை வேண்டாம்.

கராஜில் வேலை பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். வேலை பழக விடும் நாளிலேயே முதலாளியிடம் கண்ணாடியைப் பற்றிக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்புக்காகவே ஆக்கப்பட்டது. வேலையிடத்தில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கோர 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் உண்டு. ஆனால் நட்டஈடு கண்ணைத் திருப்பித் தராது. நல்ல முதலாளிக்கு ஒரு வார்த்தை போதும். அவர் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு நாமே ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புவோம்.

10. பராமரிப்பு

வில்லையைச் சாரத்தின் ஓரத்தால் உலர்ந்தபடி துடைக்க வேண்டாம். இரும்புத் தூள் கீறும். தண்ணீரிலும் சிறிது சவர்க்காரத்திலும் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு பழைய பால்மா தகரப்பேணிக்குள் வைத்து மூடுங்கள். முன் வில்லையில் பொறிப் புள்ளிகள் அடர்ந்து பார்வை மங்கினால் உடனே மாற்றுங்கள். கறுத்த வில்லையில் வெடிப்போ குழியோ கண்டால் அதைப் பாவிக்கக் கூடாது. பட்டி தளர்ந்தால் சைக்கிள் ரியூப் வார் ஒன்றை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். இருவர் ஒரே கண்ணாடியை மாறிப் போட்டால் இடையில் கழுவ வேண்டும். கண்நோய் பரவும் காலத்தில் மாறிப் போடவே கூடாது.

11. கண்ணாடி தடுக்காதவை

கண்ணாடி போட்டோம் என்ற துணிவில் மற்றவற்றை மறக்கக் கூடாது. வாளித் தகரம் போன்ற நாகமுலாம் பூசிய இரும்பைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். சில வெள்ளி ஒட்டுக் கம்பிகளில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும், அவற்றை வாங்காதீர்கள். வேலை எப்போதும் காற்றோட்டமுள்ள இடத்தில் நடக்கட்டும். ஒட்சிசன் ரெகுலேற்றரில் எண்ணெயோ கிறீஸோ படக்கூடாது. பட்டால் வெடித்துத் தீப்பிடிக்கும். சிலிண்டரைத் திறக்கும்போது ரெகுலேற்றருக்கு நேரே முகத்தை வைக்காமல் பக்கமாக நில்லுங்கள்.

காபைட்டில் தண்ணீர் விட்டு அசற்றலீன் எடுப்பவர்கள், எஞ்சும் வெள்ளைச் சேற்றைக் கொட்டும்போதும் கண்ணாடி போட வேண்டும். அது சுண்ணாம்பு. கண்ணில் பட்டால் நெருப்பிலும் மோசமாக அரிக்கும்.

12. கண்ணில் பட்டுவிட்டால்

கண்ணைக் கசக்க வேண்டாம். தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். சுண்ணாம்புச் சேறோ ஒட்டுத்தூளோ பட்டால், நின்ற இடத்திலேயே கண்ணிமையைத் திறந்து பிடித்து ஆகக் குறைந்தது பதினைந்து நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். முதலில் கழுவுதல், பின்பு பயணம்.

இரும்புத் துணிக்கை குத்தி நின்றால் அதைப் பிடுங்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். சுத்தமான சிறு கிண்ணத்தையோ கடதாசிக் குவளையின் அடியையோ கண்ணில் அழுத்தாமல் மேலே மூடிக் கட்டிக்கொண்டு உடனே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அரச வைத்தியசாலைக் கண் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை.

சுத்தியலால் தட்டும்போது சுருக்கென்று ஏதோ பட்டு, பின்பு நோவு இல்லாமற் போனாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறு இரும்புத் துண்டு கண்ணுக்குள்ளேயே புகுந்திருக்கலாம். விழிவெண்படலத்தில் தங்கும் இரும்பு துருப்பிடித்துக் கறையாகும்.

தாய்ப்பால் விடுதல், நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிதல், சேலைத் தலைப்பாலோ ஊசியாலோ பக்கத்து வீட்டார் எடுத்துவிடுதல் ஆகியவை அன்பினால் செய்யப்படுபவைதாம். ஆனால் காயப்பட்ட கண்ணுக்குள் கிருமியை விடுவதும் அவைதாம். அன்பை வண்டி பிடித்து அனுப்புவதில் காட்டுவோம்.

13. பணத்துக்கு என்ன வழி?

ஒரு குடும்பத்துக்குக் கடினமானது ஐந்து குடும்பங்களுக்கு இலகுவாகும். சிறுசேமிப்புக் குழுக்கள் மாற்று வில்லைகளை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குக் கொள்விலையில் கொடுக்கலாம். தொழிற்கருவித் தொகுதி தரும் நிறுவனங்களிடம் விண்ணப்பிக்கும்போது பட்டியலின் முதல் வரியில் "வெல்டிங் கண்ணாடி, 5 ஆம் இலக்கம், இரண்டு சோடி" என்று எழுதுங்கள். பட்டியலில் கடைசியாக எழுதியதுதான் பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படும். தொழிற்கடனுக்குச் சிபாரிசு செய்யும் குழுத் தலைவர்களும் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது ஊரில் காஸ் வேலை செய்யும் இடங்கள் எத்தனை? அவற்றில் எத்தனை பேர் இலக்கமுள்ள கண்ணாடி போடுகிறார்கள்?
2. 8 மி.மீ. கொழுவை வெல்டிங் செய்ய எந்த இலக்கம் வேண்டும்? பம்பி உறையைப் பித்தளையால் ஒட்ட எது?
3. 2 ஆம் இலக்கமும் 4 ஆம் இலக்கமும் சேர்ந்தால் எத்தனை? (விடை: 5)
4. துணைக்கு நிற்பவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் வேலையை எவ்வாறு ஒழுங்கு செய்யலாம்?
5. வேலை பழகும் பிள்ளைகளுக்காக நமது குழு என்ன செய்யலாம்?

நிறைவாக

எரிக்கோவின் வழியோரத்தில் இருந்த பர்திமேயுவிடம் ஆண்டவர் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பிச்சையெடுத்துப் பிழைத்த அந்த மனிதன் பணத்தைக் கேட்கவில்லை, பார்வையைக் கேட்டான். இழந்தவனுக்கே அதன் விலை தெரிந்திருந்தது. நாமும் பலவற்றை இழந்தவர்கள். வீட்டையும் கிணற்றையும் தென்னையையும் விட்டு நடந்த நாட்களில், எவராலும் நம்மிடமிருந்து பறிக்க முடியாமல் கூட வந்தவை நமது கைகளும் கண்களுமே. அவற்றைக் கொண்டுதான் மீண்டும் தொடங்கினோம். தொழில் பழகும் பிள்ளை, நாளை சொந்தக் காணியில் நாற்று நடுவதையும் பார்க்க வேண்டும். அடுத்த கம்பிக் கட்டை வாங்குவதற்கு முன் கண்ணாடியை வாங்குவோம்.